மணவாளன் வீட்டில் காற்று புகாத பதினோரு நாட்கள்

ஒரு காட்டில், அதுவும் படுத்திருந்தால் கடலலை காதில் விழும் தூரத்தில் இருந்த ஓர் அலையாத்திக் காட்டில், மணவாளன் என்ற புனுகுப்பூனை தன் மனைவி சுகந்தியோடு குடியிருந்தார். பூனையை ‘அது’ என்று சொல்வதுதான் முறை. ஆனால் மணவாளன் காட்டு வாசனைத் திரவியச் சங்கத்தின் செயலாளர். பெயர் அச்சிட்ட லெட்டர்பேடு வைத்திருப்பவர். தன் பரம்பரையின் புனுகு மணத்தைப் பற்றி யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர். ஆகவே ‘அவர்’ என்றே வைத்துக்கொள்வோம். சுகந்திக்கு லெட்டர்பேடு கிடையாது. அவள் அப்பளம் இட்டு அணில் கடைக்குக் கொடுத்துவந்தாள். வீடு ஓடியது அப்பளத்தில்தான்.

அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. வீடு குளிர்ந்தது, ஆனால் காயவில்லை. சுவர் வியர்த்தது. ஜாடியில் உப்பு களியானது. தீப்பெட்டியில் பத்துக் குச்சி கிழித்தால் ஒன்று பற்றியது. பீரோவைத் திறந்தால் சுகந்தியின் கல்யாணப் புடவையில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, வெயிலில் நன்றாகக் காய்ந்த அப்பளம், வீட்டுக்குள் அடுக்கி வைத்த மறுநாளே நமத்துப்போனது. அணில் இரண்டு முறை பொறுத்துக்கொண்டது. மூன்றாம் முறை கட்டோடு திருப்பி அனுப்பி, இனி ஒரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது.

மணவாளன் ரிமோட்டை எடுத்து இருபத்துநாலில் இருந்ததைப் பதினெட்டாக்கினார். சுவர் இன்னும் அதிகமாக வியர்த்தது. ஏசிதான் பழுது என்று தீர்மானித்து, அதைப் பற்றி சங்கத்தின் லெட்டர்பேடில் இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தார். தாள் ஈரத்தில் நனைந்து பேனா ஓடவில்லை.

சுகந்திதான் கௌளிநாதனைக் கூப்பிட்டாள். கௌளிநாதன் ஒரு பல்லி. காட்டில் எந்த வீட்டில் எங்கே இடுக்கு இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பிறந்ததே ஒரு ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால்தான். அந்த அறிவை வைத்தே காற்றுக் கசிவு பார்த்துச் சொல்லும் தொழில் செய்துவந்தார். அவர் பேசும்போது நடுநடுவே ‘த்சு’ என்பார். கேட்பவர்கள் நல்ல சகுனம் என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். தொழில் நன்றாக நடந்தது.

அவர் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். சமையலறையின் புகைபோக்கி விசிறியைப் போடச் சொன்னார். பிறகு ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டு சுவரோரமாக ஊர்ந்தார். ஸ்விட்ச் போர்டு அருகே புகை நெளிந்தது. ஏசி குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் புகை ஆடியது. வாசல் கதவுக்கடியில் படுத்தே விட்டது. வெளிக்காற்று தண்ணீரைச் சுமந்துகொண்டு இந்த வழியாகத்தான் வருகிறது என்றும், குளிர்ந்த சுவரில் பட்டதும் சுமையை இறக்கி வைக்கிறது என்றும், ஏசியைக் கூட்டக் கூட்ட அது இறக்கி வைப்பதும் கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

“மொத்தமா கூட்டிப் பார்த்தா சார், ஒரு காட்டுப்பன்னி நிமிர்ந்து நடந்து வர்ற அளவுக்கு உங்க வீட்ல ஓட்டை இருக்கு,” என்றார்.

மணவாளனுக்கு அது அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்றார். அடைக்கலாம், ஆனால் அதோடு ஒரு சின்ன விசிறிப்பெட்டியும் வைக்க வேண்டும் என்றார் பல்லி. அது ஒரு பக்கம் பழைய காற்றை வெளியே தள்ளும், இன்னொரு பக்கம் ஈரத்தை எடுத்துவிட்டுப் புதுக் காற்றை உள்ளே விடும். வீட்டுக்கு மூச்சு விட ஒரு வழி வேண்டும், அந்த வழி நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி ‘த்சு’ என்றார்.

அவர் போனதும் மணவாளன் சிரித்தார். ஓட்டையை அடைக்க வழி கேட்டால் புது ஓட்டை போடச் சொல்லும் ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. விசிறிப்பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆளும் வேண்டாம், தானே அடைத்துக்கொள்வதாகச் சொன்னார். செல்போனில் நாலு வீடியோ பார்த்திருந்தார். நாலாவதை முழுவதும் பார்த்திருந்தார்.

ஆறு குழாய் சிலிகானும், கதவோரம் ஒட்டும் ரப்பர் பட்டையும், ஊதினால் உப்பும் நுரை டப்பா இரண்டும் வாங்கிவந்தார். ஒரு நாள் முழுக்க வேலை நடந்தது; சமையலறைப் புகைபோக்கியின் வாயைக்கூட விடவில்லை. ஜன்னல் சட்டத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது வாலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. இறங்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சுகந்தி கத்தரிக்கோலோடு வந்தாள். வாலின் நுனி ரோமம் ஒரு விரல் நீளத்துக்கு அங்கேயே தங்கிவிட்டது. அதுவும் ஒரு வகையில் அடைப்புதானே என்று மணவாளன் சொல்லிக்கொண்டார். பிறகு ஊதுபத்தி பற்றவைத்து வீடு முழுக்க நடந்தார். புகை நேராக, ஆடாமல், கம்பி மாதிரி மேலே போனது. தன் கையால் செய்த ஒன்று சரியாக வந்தது அவருக்கு அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காட்டு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போய் ‘காற்றுப்புகா வீடு’ சான்றிதழுக்கு வரிசையில் நின்றார். முன்னால் ஓர் ஆமை. வரிசை நகர மத்தியானம் ஆயிற்று. படிவத்தில் ‘வீட்டிலுள்ள மொத்த ஓட்டைகள் (குடியிருப்போரின் மூக்கு, காது நீங்கலாக)’ என்று ஒரு கட்டம் இருந்தது. மணவாளன் அதில் பூஜ்ஜியம் போட்டார். அதிகாரி ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நின்றபடி படிவத்தைப் பார்த்தது, மணவாளனைப் பார்த்தது, கால் மாற்றிக்கொண்டு முத்திரை குத்தியது. காட்டிலேயே முதல் பூஜ்ஜியம் அதுதானாம். மணவாளன் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

மூன்று நாள் வீடு சொர்க்கமாக இருந்தது. உப்பு உதிரியாக விழுந்தது. தீக்குச்சி முதல் கிழிப்பிலேயே பற்றியது. அப்பளத்தைத் தட்டினால் டம் என்று சத்தம் வந்தது. சுகந்தி நாலு கட்டு அப்பளம் கடைக்கு அனுப்பினாள். கணவர் செய்த வேலையைப் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நாலாம் நாள் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது.

எலி ஏதாவது செத்திருக்கும் என்று மணவாளன் பீரோவை நகர்த்தினார். எலி இல்லை. சாக்கடையைச் சோதித்தார். அரிசிப் பானையை மோந்தார். எல்லாம் சுத்தம். அடுத்த வீட்டில் வராகசாமி என்ற காட்டுப்பன்றி குடியிருந்தது; அங்கிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொன்னார். வெளியே போய் மோந்து பார்த்த சுகந்தி, வெளியே ஒன்றுமில்லை, உள்ளேதான் என்றாள். அப்போதுதான் அணில் கடையிலிருந்து நாலு கட்டு அப்பளமும் திரும்பி வந்தது. மொறுமொறுப்பில் குறையே இல்லை, ஆனால் வாங்கியவர்கள் மாவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கிறார்கள் என்று அணில் சொல்லியனுப்பியிருந்தது.

வேறு வழியில்லாமல் கௌளிநாதனைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலைத் தாண்டவில்லை. கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

“சார், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இது வெளியிலிருந்து வரலை. இதுநாள் வரைக்கும் இந்த வீட்லேர்ந்து வெளியே போய்க்கிட்டிருந்தது.”

இந்த முறை ‘த்சு’ சொல்லவில்லை. போய்விட்டார்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். பதினெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்றம் யாருடையது என்று மணவாளனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தன்னுடையது பரம்பரை மணம்; அதற்குச் சங்கமே இருக்கிறது. சுகந்தியின் தாய்வீட்டார் மலையடிவாரத்திலிருந்து வந்தவர்கள், அங்கே சாப்பாடே வேறு என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்று நாள் அதே பேச்சு. ஏழாம் நாள் சுகந்தி துணிப்பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தியபோது ரப்பர் பட்டை ‘புஸ்’ என்றது.

சரி, இனிமேல் சுத்தமாகிவிடும் என்று மணவாளன் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். எட்டாம் நாள் நாற்றம் அப்படியே இருந்தது. சுவரில் ஊறியது போக நாளாகும் என்று நினைத்தார். ஒன்பதாம் நாள் சற்றுக் கூடியிருந்தது. பத்தாம் நாள் அவர் தன் கையை மோந்து பார்த்தார். லெட்டர்பேடை மோந்து பார்த்தார். சான்றிதழின் கண்ணாடியைக்கூட மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சங்கக் கூட்டங்களில் எல்லோரும் தனக்கு நாலு நாற்காலி தள்ளி உட்காருவது மரியாதையால் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே பேசிவிட்டுப் போனது அடக்கத்தால் என்றும், கொக்கு சீக்கிரமாக முத்திரை குத்தியது திறமையால் என்றும் நினைத்திருந்தார். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர முகம் சுட்டது. வாசனைத் திரவியச் சங்கத்தின் செயலாளர். முக்கால் மணி நேரப் பேச்சு. திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. அடைத்த வீடு என்பதால் அந்தச் சிரிப்பும் வெளியே போகாமல் அங்கேயே சுற்றியது.

பதினோராம் நாள் அக்கா வீட்டுக்குப் போனார். அது ஓட்டையும் உடைசலுமான ஓலைவீடு. கடல்காற்று தாராளமாக வந்து போனது. சுகந்தி அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சற்றுத் தள்ளியே நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது ஒரே வாக்கியம்.

“நான்தான், சுகந்தி.”

அவள் குழவியைக் கீழே வைத்தாள்.

“இல்லைங்க. நேத்து அக்கா வீட்டு சாமான் ரூம்ல கதவைச் சாத்திட்டு, இடுக்கெல்லாம் துணி வெச்சு அடைச்சுட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நானும்தான்.”

இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். மணவாளன் கௌளிநாதனிடம் மன்னிப்புக் கேட்டு விசிறிப்பெட்டி ஒன்று வாங்கினார். வீட்டுவசதி அலுவலகம், விசிறிக்காகத் துளை போட்டால் பூஜ்ஜியம் போய்விடும் என்றது. ‘வேண்டுமென்றே போட்ட ஓட்டை’க்கு வேறு படிவம், வேறு வரிசை. அவர் அந்த வரிசையிலும் நின்றார். ஈரம் வெளியே நின்றது, அப்பளம் மொறுமொறுத்தது, வீட்டுக்குள் ஒரு வாடையும் இல்லை. அணில் மறுபடி வாங்கத் தொடங்கியது.

விசிறியின் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை நடந்தது. கடல் பக்கம் வைத்தால் காற்று எதிர்த்துத் தள்ளும். வாசல் பக்கம் வைத்தால் விருந்தாளி வர மாட்டார்கள். பின்பக்கம் சுகந்தி அப்பளம் காயவைக்கும் இடம். மிச்சம் இருந்தது வராகசாமி வீட்டுப் பக்கம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை வராகசாமி வேலியோரம் வந்து நின்றது. உடம்பெல்லாம் சோப்பு நுரை காய்ந்திருந்தது. கொஞ்ச நாளாகத் தினமும் இரண்டு வேளை குளிப்பதாகவும், மூன்றாவது வேளைக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதாகவும், ஆனாலும் தன் வீட்டில் ஏதோ ஒரு வாடை போகவே இல்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னது. சொந்த ஜாதிக்குணம் போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டது.

“சார், நீங்க வாசனை தெரிஞ்சவர். உண்மையைச் சொல்லுங்க. உங்க வீட்டுக்கு வருதா?”

மணவாளன் வாயைத் திறந்தார். பத்தாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன்னை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே தோன்றியது. பின்னால் விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார்; சுகந்தி ஜன்னலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அனுமதியும் இல்லை, தடையும் இல்லை.

“லேசா வரும்,” என்றார் மணவாளன். “ஆனா நாங்க பெரிசா எடுத்துக்கிறதில்லை.”

வராகசாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட அண்டைவீட்டார் யாருக்குக் கிடைப்பார்கள் என்று சொல்லி, மறுநாள் காலை ஒரு கூடை கிழங்கு கொடுத்தனுப்பியது. மணவாளனால் அதில் பாதியைத்தான் சாப்பிட முடிந்தது.

நீதி: தன்னைத்தான் அறிய ஆறு குழாய் சிலிகான் போதும், அறிந்ததோடு நிம்மதியாக வாழ ஒரு விசிறியும், நல்ல மனசுள்ள பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் வேண்டும்.