என் இடத்தில் சோத்வோல்தி

அன்புள்ள தோனியோர்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மர்கிலானிலிருந்து மாமி ஓகிலாய் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும், உன் அம்மாவும் தாஷ்கண்டில் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைப் பொறுத்தவரை, இலையுதிர்காலம் வரை என்கிறார் மருத்துவர். இப்போது ஜூலை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமாவுக்கு வலப்பக்கம் எனக்கென்று ஒதுக்கிய இடத்தில், செவ்வாய்க்கிழமையிலிருந்து சோத்வோல்தி படுத்திருக்கிறார். கல்யாண வீடுகளில் ஆளைவிட நீளமான கர்னாய்க் குழலை ஊதுவாரே, தெருக்கோடி வீட்டுக்காரர், அவர்தான். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் அதிகம். மாலைத் தொழுகைக்கு முன் அடக்கியாக வேண்டும் என்பதால் நம் வட்டாரத்து மஹல்லா தலைவர் எர்காஷ், அடக்க இடங்களைக் காட்ட நீ செய்துகொடுத்த மையவாடி வலைப்பக்கத்தைக் கைபேசியில் திறந்திருக்கிறார், என் இடம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது, வெட்டிவிட்டார்கள். பெண்கள் ஜனாஸா ஊர்வலத்தோடு போவதில்லையே, அது யாருடைய இடம் என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. நானோ அவர் வீட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, என் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த மனிதருக்காக முறையாக அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் எர்காஷை வரவழைத்தேன்.

"அக்கா, பச்சைன்னா காலின்னு உங்க மருமகன்தானே சொன்னான்? பொழுது சாயுது, யாரைப் போய்க் கேக்குறது?"

"என்னைக் கேட்டிருக்கலாமே. உயிரோடதானே இருக்கேன்?"

"அதாங்க்கா சங்கடம். உயிரோட இருக்கிறவங்ககிட்ட அதை எப்படிக் கேக்குறது?"

அடக்கியவரைத் தோண்டக் கூடாது என்கிறார் இமாம். உன்னைத் தொலைபேசியில் பிடித்தால், நீ சிரிக்கிறாய்.

"சின்ன விஷயம் மாமி. வலைப்பக்க நிரல்ல உங்க பேரை ஒற்றை மேற்கோளுக்குள்ள போட்டுட்டேன். O'g'iloy-ன்னு உங்க பேருக்குள்ளயே அதே குறி ரெண்டு இருக்கா, முதல் குறியைப் பார்த்ததும் பேர் முடிஞ்சுதுன்னு கணினி நெனச்சு, மிச்சம் புரியாம உங்க இடத்தைக் காலின்னு காட்டிடுச்சு. இரட்டை மேற்கோள் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

சின்ன விஷயம்! இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நம் நாட்டில் பாதிப் பேர் பெயரில் அந்தக் குறி இருக்கிறது, அது தெரியாத அமெரிக்கனா நீ? மற்றவர்களையெல்லாம் எர்காஷ் அந்தக் குறியே இல்லாத பழைய ரஷ்ய எழுத்தில் அனுப்பியதால் அவர்கள் தப்பித்தார்கள். என் பெயர் லத்தீன் எழுத்தில் குறிகளோடு முறையாக இருக்க வேண்டும் என்று சொன்னவள் நான். முறையாக எழுதியதற்கு எனக்கு இந்தத் தண்டனை.

நாற்பத்தொரு வருடம் அந்த மனிதருக்கு வலப்பக்கம் இருந்தவள், இனியும் அங்கேதான் இருக்க வேண்டும். தாஷ்கண்டில் மார்க்கம் படித்த பெரிய ஆலிம்களைப் பார்த்து, தவறான இடத்தில் அடக்கப்பட்டவரை மாற்றலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். வரும்போது சிரித்துக்கொண்டு வராதே.

உன் வீட்டில் ரொட்டி குறையாதிருக்கட்டும். உன் பிள்ளைகளின் ஆயுள் நீளட்டும். அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
மாமி ஓகிலாய்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மையவாடிக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். உன் மாமாவுக்கு இடப்பக்கம் யார் என்பதைக் கோபத்தில் மறந்திருந்தேன்: என் மாமியார், உன் பாட்டி. இருபத்தேழு வருடம் விடியுமுன் எழுந்து, அவர் கண்ணில் படும்படி முற்றம் பெருக்கியவள் நான். ஆலிம்களைத் தொந்தரவு செய்யாதே. சோத்வோல்தி அங்கேயே இருக்கட்டும், அவர்களுக்கு ஊதட்டும். உன் மாமாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் கூப்பிடு தூரம் போதும். சுவரோரம் வாதுமை மரத்தடியில், இருபக்கமும் ஆளில்லாத ஓர் இடம் பச்சையாக இருக்கிறது. என் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, கடிதம் கண்ட அன்றைக்கே அங்கே போடு. எதிர்வீட்டுக் கிழவர் காலையிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார்.