மாதாவின் கோபமும் என் சீரியல் பல்பும்

எங்கள் வீட்டுக்கு மாதா வராததற்குக் காரணம் சூசைமாணிக்கம் சார். வேறு யாரும் இல்லை. மாதாவும் இல்லை.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன காயிலைப் பார்த்தால் எரிந்துபோச்சு என்றுதான் சொல்வேன். இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வந்தவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சூசைமாணிக்கம் சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் தெரு அன்பியத்தின் தலைவர். (அன்பியம் என்றால், பங்கைத் தெருவாரியாகப் பிரித்து, முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்கிற குழு. அன்பு பெயரில் இருக்கிறது.) எங்கள் அன்பியத்தில் பைபிளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாசித்ததும் மூடிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சார் சொல்வார். குறுக்கே யாராவது வாயைத் திறந்தால், "நீ என்ன குருமடத்துல படிச்சியா?" என்பார். அவரும்தான் சாமியாருக்குப் படிக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிக் கேட்க ஆள் கிடையாது. தெருவில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அக்கா ஜெயராணியைக் கண்டனூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் சகாயம் பெயிண்டர். அங்கே பெரிய பெரிய வீடுகள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், திருவிழா என்றால்தான் திறந்து வெள்ளையடிப்பார்கள். வேலை இருக்கிற மாதம் மச்சான் சந்தோஷத்தில் குடிப்பார். வேலை இல்லாத மாதம் துக்கத்தில் குடிப்பார். எந்த மாதமாக இருந்தாலும் அக்காவை அடிப்பார். இடது கைச் சுண்டுவிரலை அவர் முறித்த அன்றைக்கு, மகள் ரோஸியை இழுத்துக்கொண்டு அக்கா டவுன் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு செய்தி வந்தது. மச்சான் இரட்சிக்கப்பட்டுவிட்டார். ஏதோ ஒரு ஜெபவீட்டில் சேர்ந்து, தண்ணீரில் முங்கி எழுந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாராம். அந்த ஜெபவீட்டு பாஸ்டர் எபினேசர் எனக்குப் போன் செய்தார். "ஸ்தோத்திரம் பிரதர். சகாயம் இப்பப் புது மனுசன். சிஸ்டரை அனுப்பி வச்சீங்கன்னா சாட்சி முழுமையாயிரும்." அதாவது அவர்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல, பக்கத்தில் பெண்டாட்டி நின்றால் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

இதைக்கூடத் தள்ளிவிட்டிருப்பேன். அதே வாரம் சூசைமாணிக்கம் சாரும் வந்து அம்மாவிடம் சொன்னார். "பொம்பளப்புள்ள புருசனை விட்டுட்டு வந்து உக்காந்திருந்தா நம்ம அன்பியத்துக்கே அசிங்கம்மா. அனுப்பி வைங்க."

"சார் சொல்றாக. படிச்சவுக. பைபிள்லயே இருக்காம்ல," என்று அம்மா பரண் மேலிருந்து அக்காவின் துணிப்பையை இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (என் மூளை வேலை செய்த நாட்களைத் தனியாக எழுதலாம். எல்லாமே விபத்துகள்.)

அது மாதா சுரூபம், அதாவது பெட்டியில் வைத்த சிலை, வீடு வீடாக வருகிற மாதம். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் அடுத்த வீட்டார் பவனியாகக் கூட்டிப்போவார்கள். பாஸ்டருக்குச் சுரூபம் என்றாலே ஆகாது. சாருக்குப் பாஸ்டர் என்றாலே ஆகாது. தெருவில் ஜெபவீட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒருவரை முனை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனவர். இந்த இருவரையும் மாதா எங்கள் வீட்டில் இருக்கிற சாயங்காலம் ஒரே அறையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சண்டை வரும். அந்தச் சண்டையில் அக்கா விஷயம் காணாமல் போய்விடும்.

கைவசம் இன்னோர் ஆயுதமும் வைத்திருந்தேன். அக்கா கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பைபிள் ஒன்று, பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் எங்கள் வீட்டுப் பீடத்தில் இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் கடைக்கு எடுத்துப்போய், காயிலுக்கு வார்னிஷ் காயும் நேரங்களில் புரட்டினேன். சீராக் என்று ஒரு புத்தகம் உள்ளே இருந்தது. அதில் குடியைப் பற்றி வந்தது: அளவு மீறிக் குடித்தால் மூடனுக்குக் கோபம் ஏறும், காயம் கூடும் என்கிற மாதிரி. எழுதியவர் மச்சானைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் குருத்தோலை ஒன்றை வைத்து மூடி, பீடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அந்தச் சாயங்காலம் வந்தது. மாதா பெட்டியைச் சுற்றி சீரியல் பல்பும், தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டமும் நானே போட்டிருந்தேன். தெருவே வந்து பார்த்து, "ஆரோக்கியம் கை ஆரோக்கியம் கைதான்" என்றது. ஜெபமாலை முடிகிற நேரத்தில், பேச வாங்க என்று நான் போனில் கூப்பிட்டிருந்த மச்சானும் பாஸ்டரும் வாசலில் வந்து நின்றார்கள். பாஸ்டர் மாதாவைப் பார்த்தார். சார் பாஸ்டரைப் பார்த்தார். நான் சண்டைக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன்.

"வாங்க பாஸ்டர், இங்குட்டு உக்காருங்க. ஃபேன் காத்து வரும்," என்றார் சார். மாதாவைப் பார்க்க வேண்டாம் என்று நாற்காலியை அவரே திருப்பியும் போட்டார்.

என் திட்டம் அந்த நாற்காலியின் கீழே நசுங்கிச் செத்தது.

"ஆண்டவர் சேத்து வச்சதை மனுசன் பிரிக்கப்படாது," என்று சார் ஆரம்பித்தார்.

"ஆமென். கர்த்தர் சேத்தது. மனைவி புருசனுக்குக் கீழ்ப்படியணும்னு வேதம் தெளிவாச் சொல்லுது," என்றார் பாஸ்டர்.

ஒருவருக்கு ஆண்டவர், ஒருவருக்குக் கர்த்தர். அக்காவை அனுப்புகிற இடம் மட்டும் இருவருக்கும் கண்டனூர். தலைமுறை தலைமுறையாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டம், எங்கள் வீட்டில் டீ வருவதற்குள் ஒத்துப்போய்விட்டது.

நான் எழுந்தேன். பீடத்திலிருந்து பைபிளை எடுத்த வேகத்தில் காய்ந்த குருத்தோலை நொறுங்கிச் சார் தலையில் கொட்டியது. அடையாளம் வைத்த பக்கமும் போனது. தேடினேன். முன்னால் தேடினேன், பின்னால் தேடினேன். ஐம்பது பேர் இருமினார்கள். ஒருவழியாகக் கண்டுபிடித்து, தொண்டை கிழிய வாசித்துவிட்டு, "இதுக்கு என்ன சொல்றீக?" என்று வக்கீல் மாதிரி நின்றேன்.

பாஸ்டர் சிரித்தார். "எந்தப் புத்தகம் பிரதர்?"

"சீராக்."

"அப்படி ஒரு புத்தகமே வேதத்துல கிடையாதே." ஜிப் வைத்த தன் பைபிளைத் திறந்து என் கையில் கொடுத்தார். "எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

காட்டுகிறேன் என்று வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனேன். இல்லை. எங்கள் பைபிளில் இருக்கும் சில புத்தகங்கள் அவர்கள் பைபிளில் இருக்காது என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முப்பது வயது வரை பூசைக்குப் போனவன் நான். கையில் ஒரு பைபிள், கக்கத்தில் ஒரு பைபிள், நடுவில் ஒரு முட்டாள்.

சாரைப் பார்த்தேன். "சார், நம்ம பைபிள்ல இருக்குல்ல? நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

அவர் தலையிலிருந்த ஓலைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இருக்கு. அதுக்கு அர்த்தம் சொல்ல நீ யாருடா? உக்காரு."

ஒருவருக்கு அந்தப் புத்தகம் இல்லை. இன்னொருவருக்கு நான் இல்லை.

ஆத்திரத்தில் பைபிளை மேஜை மேல் ஓங்கி வைத்தேன். அது மாதா இருந்த மேஜை. ஒளிவட்டம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. பிறகு கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"மாதாவே!" என்று பெண்கள் அலறி முழங்காலில் விழுந்தார்கள்.

"பாத்தியா? கண்டவனும் வேதத்துக்கு விளக்கம் சொன்னா மாதாவுக்கே பொறுக்கல. கோபத்தைக் காட்டுறாக," என்றார் சார்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பாஸ்டர் அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "வசனத்தைச் சொன்னதும் விக்கிரகம் நடுங்குது. ஸ்தோத்திரம்!"

"யோவ், லூஸ் கனெக்‌ஷன்யா! ஒயர் போட்டவன் நான் சொல்றேன்!" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. "சும்மா இருடா பாவி," என்றாள் அம்மா, கும்பிட்டபடியே.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். நேராகச் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். சிமிட்டல் நின்றது. எல்லார் வாயும் நின்றது.

"ஆளாளுக்கு அர்த்தம் சொல்லிட்டீகளா?" என்றாள். சத்தம் போடவில்லை. "சார், என் விரலை யாரு ஒடிச்சான்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அதுக்கு என்ன அர்த்தம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

மச்சான் எழுந்து, "ராணி, நான் இப்ப இரட்சிக்கப்பட்டுட்டேன்," என்றார்.

"நெசம்னா நல்லது. அங்குட்டே நல்லா இருங்க. நான் வரல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா நிமிந்து நிக்கிற? இத்தனை நாளாப் பைபிளைப் பெரட்டினியே, 'அக்கா, உனக்குப் போக இஷ்டமா'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நெஞ்சு தன் இடத்துக்குத் திரும்பியது.

சார் எழுந்தார். "மாதாவுக்கு இந்த வீட்டுல இருக்கப் பிரியமில்ல. வெளக்கே சொல்லிருச்சு," என்று சொல்லி, விடியும் வரைகூட விடாமல், பெட்டியோடு மாதாவைத் தூக்கச் சொன்னார். முறைப்படி அடுத்தது அவர் வீடு. பவனி கிடையாது, பாட்டு கிடையாது. ஜப்திக்கு வந்த சாமான் மாதிரி மாதா போனார். என் சீரியல் பல்பும் கூடவே போனது.

மறுநாள் காலையில் கடையில் போன் அடித்தது. சார்.

"டேய் ஆரோக்கியம், லைட் விட்டு விட்டு எரியுது. லூஸ் கனெக்‌ஷன் போல. வந்து பாரு."

வைத்துவிட்டிருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். (சார் கூப்பிட்டால் கால் தானாகப் போகிறது. பிரம்படியின் பலன்.) முறுக்கினேன், டேப் சுற்றினேன், எரிந்தது. "ஒயர் போடும்போதே ஒழுங்கா முறுக்குறதுக்கென்ன?" என்றார் சார். டீ கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அம்மா மட்டும் அன்றைக்கே துணிப்பையைப் பரண் மேல் திரும்பப் போட்டுவிட்டாள். மச்சான் ஜெபவீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு கல்யாண மாதம் வந்தது, வேலை வந்தது, பழையபடி சந்தோஷமும் வந்தது. அக்கா இப்போது என் கடையில் காயில் சுற்றுகிறாள். சுண்டுவிரல் மடங்காது. மற்ற விரல்கள் என்னுடையதைவிட வேகம்.

பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அடிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போன்னு திருச்சபை எங்கயும் சொல்லல, ஆரோக்கியம்." அப்படியானால் இதைப் பூசைப் பிரசங்கத்தில் சொல்லுங்கள் சாமி என்றேன். பார்ப்போம் என்றார். பார்ப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. விளக்கம் சொல்லும் உரிமை உள்ள ஒரே மனிதர், சரியான விளக்கத்தைச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் மாதா எங்கள் பக்கத்து வீட்டுக்கு வருகிறார், எங்களைத் தாண்டி மறுபக்கத்து வீட்டுக்குப் போகிறார். பெட்டி வாசலைக் கடக்கும்போது அம்மா உள்ளே இருந்தபடியே கும்பிடுகிறாள். அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. மற்றபடி எங்கள் வீட்டில் இது சிரிப்பாகிவிட்டது. மிக்ஸி நின்றால், ஃபேன் திணறினால், ரோஸி உடனே சொல்வாள்: "மாதாவுக்குக் கோவம். மாமா, சீராக் வாசிங்க." அடுத்து அக்கா சொல்வாள்: "சார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போடி, லூஸ் கனெக்‌ஷன் ஆயிரும்."

நாங்கள் சிரித்துக்கொள்கிறோம். நீங்கள் தப்பித்துவிட முடியாது சார். வருகிற அன்பியக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், மைக்கில் சொல்லுங்கள். மைக்குக்கு ஒயர் நானே போட்டுத் தருகிறேன், இந்த முறை நன்றாக முறுக்கி. அதே பல்பு, அதே ஒயர். எங்கள் வீட்டில் சிமிட்டினால் மாதாவின் கோபம், உங்கள் வீட்டில் சிமிட்டினால் லூஸ் கனெக்‌ஷன். இந்த அர்த்தத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை கொடுத்தது யார்? பெயரைச் சொல்லுங்கள்.