உள்ளே வர ஒரு ஸ்பிரிண்ட், வெளியே போக ஒரு ஸ்பிரிண்ட்

இரண்டு நாள் வகுப்புக்குப் போய், மூன்றாம் நாளே நிபுணன் ஆனவன் நான். வகுப்பின் பெயர் 'அஜைல்'. மென்பொருளை ஆறு மாதம் உட்கார்ந்து முழுதாகச் செய்யாதே. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாகச் செய்து கொடுத்துக்கொண்டே இரு. அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். எந்தத் துண்டு முதலில் என்பதை வாடிக்கையாளரே சொல்லட்டும். இவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வயதில், உலகத்தைத் திருத்த எனக்கு இது போதுமானதாகத் தெரிந்தது.

திருத்துவதற்கு மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையும் கிடைத்தது. கார்களுக்கு இரும்பு உதிரிபாகம் செய்கிற இடம். என் தாய்மாமா அங்கே சூப்பர்வைசர். அவர்தான் முதலாளியிடம் பேசி, வருகைப் பதிவு மென்பொருள் வேலையை எங்கள் சின்னக் கம்பெனிக்கு வாங்கித் தந்தார். (எனக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படிக்கவும்.)

வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு சுழல் கதவு. அட்டையைக் காட்டினால் சுழலும். நான் ஒவ்வொரு வேலையையும் ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டி, எது முதலில் வேண்டும் என்று முதலாளியைக் கேட்டேன்.

"பசங்க லேட்டா வர்றானுங்க சார். உள்ள வர்றத மொதல்ல பாருங்க. வெளிய போறதுக்கு எவனும் லேட் பண்றதில்ல."

வாடிக்கையாளர் வாக்கு. 'வெளியே' என்று எழுதிய காகிதத்தைப் பிய்த்து இரண்டாம் ஸ்பிரிண்டில் ஒட்டினேன். அதுவரை எல்லோரும் வழக்கம்போல லாரி கேட் வழியாகப் போய்க்கொள்ளட்டும் என்று மின்னஞ்சலும் அனுப்பினேன். (யாரும் படிக்கவில்லை. பின்னே, பத்துப் பக்கம்.)

தொடங்கிய நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் மேனாம்பேட்டில் மாமா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ஆனாலும் சிபாரிசு செய்தவர் என்ற முறையில் மாமா காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டார். கதவு அருமையாகச் சுழன்றது. அறுபது பேர் உள்ளே வந்தார்கள். முதலாளி என் கையைக் குலுக்கிவிட்டுக் கோயம்புத்தூருக்கு விமானம் ஏறப் போனார். கதவின் அவசரச் சாவியும் அவர் பையிலேயே போனது.

நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. முதலில் வந்தவர் அட்டையைக் காட்டினார். கதவு அசையவில்லை. திரையில் நான் ஆசையாக எழுதிய வாசகம் வந்தது: 'வணக்கம். தாங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.'

லாரி கேட்டுக்குப் போனோம். சுழல் கதவு வந்துவிட்டதால் இனி அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது என்று முதலாளி நினைத்திருக்கிறார். குண்டும் குழியுமாகக் கிடந்த தரைக்கு, சுவருக்குச் சுவர், மதியம்தான் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். காவலாளி கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இன்னா சார், உள்ள வர்றதுக்கு மட்டும் வழி வெச்சிக்கீற. இதுல காலு வெச்சா என் வேல பூடும்."

மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். கதவு இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டது. வகுப்பில் சொன்னது நினைவுக்கு வர, எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, இன்று என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்டேன். அறுபது பேர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்போது மாமாவுக்கு அத்தையின் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்களாம். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாஸ்கரு, வெளிய போறது எப்ப வருது?"

"இன்னும் பதினாலு நாள் மாமா."

மாமா ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தார், பேண்ட்டை முட்டிவரை சுருட்டினார், காவலாளியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஈரக் கான்கிரீட்டில் இறங்கி நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். தடுக்க முடியாத காவலாளி, ஒரு பழைய நோட்டை எடுத்து ஒவ்வொருவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார். வெளியேறும் பதிவு முறை ஒன்று, ஐந்து நிமிடத்தில் உருவாகி, ஒரு பிழையும் இல்லாமல் ஓடியதை அன்று கண்ணால் பார்த்தேன்.

நிச்சயதார்த்தத் தட்டை மாமா சாம்பல் நிறக் காலோடு நின்று மாற்றினார். சம்பந்தி காலைப் பார்த்தார். மாமா என்னைக் காட்டினார். நான் பந்தி பரிமாறப் போய்விட்டேன்.

மறுநாள் முதலாளி வருவதற்குள் காலடித் தடங்களோடு கான்கிரீட் இறுகிவிட்டது. எங்கள் கம்பெனியை அனுப்பிவிட்டு, நோட்டையே வைத்துக்கொண்டார். தரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். லாரிக்கு அதனால் ஒன்றும் இல்லையாம்.

அன்றைக்கு நிச்சயமான மாமா பெண்ணுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகள். அவளைக் கூட்டிக்கொண்டு தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா லாரி கேட்டில் நின்று, முதல் காலடி தாத்தாவுடையது, கடைசியில் செருப்போடு போயிருப்பது பாஸ்கர் மாமாவுடையது என்று காட்டுகிறாள். போன வாரம் குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாக் காலும் வெளியேதானே போகிறது, உள்ளே வந்த கால் எங்கே என்று கேட்டிருக்கிறது.

"அதெல்லாம் உங்க மாமா கம்ப்யூட்டர்ல பத்திரமா கீது" என்றாளாம் அம்மாக்காரி.