முக்காற்புள்ளிப் படலம்

வேலூர்க் கோட்டையைச் சுற்றி வீசும் வெப்பக்காற்றைத் தென்றலெனக் குடித்து வளர்ந்தவரும், இயற்பியல் என்னும் பெருங்கடலை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தெப்பமாகக் கொண்டு கடந்து வருபவரும், லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே கிடைக்கும் இரண்டடிச் சந்தில் தம் மொபெட்டைச் செலுத்திக் கீறலின்றி மீண்ட வீரரும், சாக்பீஸ் படிந்து வெளுத்த வலக்கரத்தை உடையவருமாகிய எபனேசர் ஆசிரியர் வாழ்க! அவர் குலம் வாழ்க! அவர் ஏந்தும் சிவப்புப் பேனா வாழ்க! கணினித் திரையில் செந்நிற எழுத்துகளாய் மட்டுமே காட்சி தரும் பிழைத்தேவியே, அவர் ஆம்பூர் சென்று பொருத கதையைப் பாடப் புகும் எமக்கு, இந்தப் படலம் முடியும்வரையாவது எழுந்தருளாமல் இருப்பாயாக.

வினை ஜூன் மாதத்தில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுத்துவந்த ஆசிரியை, பெங்களூரில் ஒரு கம்பெனி அழைத்தது என்று ஒரே நாளில் விடைபெற்றுப் போய்விட்டார். தலைவனை இழந்த சேனையாய் நாற்பது மாணவிகள் நிற்க, பெண்கள் பள்ளியின் சிம்மாசனமாகிய சுழல்நாற்காலியில் வீற்றிருந்த தலைமையாசிரியை ஜெபகனி, எபனேசரை அழைத்து ஆணையிட்டார்: "ப்ரொஜெக்டர் ஆன் பண்றது நீங்க. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் நீங்க. அப்போ கம்ப்யூட்டர் சயின்ஸும் நீங்கதான் சார்." இந்தத் தர்க்கத்தை உடைக்கும் ஆயுதம் எபனேசரிடம் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தார்.

பள்ளியின் கணினி அறையிலோ, யுபிஎஸ் பேட்டரி போன மழைக்காலத்திலேயே வீரமரணம் எய்தியிருந்தது. ஆகவே எபனேசர் எழுதிய நிரல்கள் யாவும் கரும்பலகையிலேயே பிறந்து, கரும்பலகையிலேயே வெற்றிவாகை சூடி, டஸ்டர் பட்டு வீடுபேறு அடைந்தன. கரும்பலகையில் எழுதிய நிரல் ஓடாமல் நின்றதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட பொற்காலத்தில்தான் ஒருநாள், 'வரியின் இறுதியில் முக்காற்புள்ளி இட வேண்டும்' என்ற பாடப்புத்தக வாசகம் அவர் முன் வந்து நின்றது. இயற்பியல் பயின்ற மூளை அல்லவா, கணக்குப் போட்டது. வால் வைத்த புள்ளி காற்புள்ளி. அது கால். அதன் தலையில் இன்னொரு முழுப்புள்ளி ஏறிக்கொண்டால் மை கூடுகிறது, எடை கூடுகிறது, ஆகவே அது முக்கால். வாலில்லாத வெறும் இரண்டு புள்ளி இருக்கிறதே, அதில் மை கம்மி; அது அரை. இப்படி அரையை முக்காலாக்கி, முக்காலை அரையாக்கி, வரிக்கு வரி வால் வைத்து எழுதிப் போட்டார். முதல் பெஞ்சில் இருந்த ரெனிட்டா என்னும் மாணவி எழுந்து, புத்தகத்தில் வால் இல்லையே சார் என்று பணிவாகக் கேட்டாள். எபனேசர் கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிவிட்டு, "அச்சுப்பிழை" என்று ஒற்றைச் சொல்லில் பிரகடனம் செய்தார். நாற்பது பேரும் புத்தகத்தில் வால் வைத்துத் திருத்திக்கொண்டார்கள். நாற்பது நோட்டுகளிலும் அந்த வால்களுக்கு அவரே சிவப்பு டிக் போட்டார்.

காலம் உருண்டது. செய்முறைத் தேர்வு செவ்வாய்க்கிழமை, அதுவும் கணினிகள் உயிரோடு இருக்கும் வேறொரு பள்ளியில், வெளியாசிரியர் முன்னிலையில் என்று சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்ததும் எபனேசர் வகுப்பை எண்ணிப் பார்த்தார். நாற்பது பெண்கள். அதில் பாதிப்பேர் கல்லூரியில் கணினிப் பிரிவுக்கே போக நினைப்பவர்கள். அவர்களில் ஒருத்திகூட ஒரு நிரலை ஓட்டிப் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. யாரிடமாவது கற்றே ஆக வேண்டும். வேலூரில் தெருவுக்கொரு டியூஷன் உண்டு. ஆனால் தெருவுக்கொரு பெற்றோரும் உண்டு. சொந்த ஊரில் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் மானம் கப்பலேறிவிடும். ஆகவே ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், தம்மை ஒருவரும் அறியாத ஆம்பூர் மேல் படையெடுப்பதென முடிவு செய்தார்.

ஞாயிறு காலை, ஆராதனைக்குப் போவதாக வீட்டாருக்கு அறிவித்து, மாஸ்க் என்னும் கவசம் பூண்டு, தொப்பி என்னும் மகுடம் தரித்து, ஜன்னலோர இருக்கையெனும் தேரில் ஏறினார். தோல் பதனிடும் ஆலைகளின் மணம் பஸ்ஸுக்குள் புகுந்ததும் அத்தனை பேரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டதால், அவருடைய மாறுவேடத்தை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

வாரநாட்களில் ஷூ கம்பெனி ஒன்றில் கணினியில் டிசைன் வரைபவர் வஹீதா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியே ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கணினிக் குருகுலம். எதற்காகப் படிக்க வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் எபனேசர். அது பொய்யில்லை. எத்தனை பிள்ளைகள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கதவோரம், கடைசி நாற்காலியில் போய் அமர்ந்தார்.

அமர்ந்து நிமிர்ந்தவரின் கண்ணில், நேர் எதிரே முதல் கணினியின் முன்னால் தெரிந்தது ஒரு இரட்டைப் பின்னல். அந்தப் பின்னலைத்தான் அவர் கரும்பலகையிலிருந்து திரும்பும் போதெல்லாம் பார்க்கிறார். வேலூர் ரெனிட்டா! இடியோசை கேட்ட யானை போல் உள்ளம் நடுங்க, மாஸ்க்கைக் கண்ணுக்கு அருகே ஏற்றிக்கொண்டார் எபனேசர். எழுந்து ஓடலாம் என்றால் கதவு கிறீச்சிடும் கதவு.

போர் தொடங்கிற்று. ஷூ அளவுகள் ஆறிலிருந்து பத்துவரை திரையில் வர வேண்டும் என்றார் வஹீதா. மற்றவர்கள் திரையெல்லாம் எண்கள் அணிவகுக்க, ரெனிட்டாவின் திரையில் மட்டும் பிழைத்தேவி செக்கச்செவேலென எழுந்தருளினாள். ரெனிட்டா மறுபடி அடித்தாள், தேவி மறுபடி வந்தாள். மூன்றாம் முறை வஹீதா குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, செமிகோலன் போட்டிருக்க?"

முக்காற்புள்ளிதான் போட்டிருப்பதாக ரெனிட்டா சொன்னாள். "எனக்கு முக்கால் அரையெல்லாம் தெரியாதும்மா. ரெண்டு புள்ளி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அவ்ளோதான்" என்று வஹீதா தாமே ஒரு விசையைத் தட்ட, எண்கள் கடகடவென இறங்கின. கால், அரை, முக்கால் என்று எபனேசர் கட்டிய கோட்டை முழுவதும் ஒரு தட்டில் சரிந்தது.

ஆனால் ரெனிட்டா அசையவில்லை. "இல்ல மிஸ். புக்குல இருக்குறது அச்சுப்பிழைன்னு எங்க சார் சொல்லிட்டாரு. அவரு தப்பா சொல்லமாட்டாரு. இந்த மெஷின்லதான் இன்னாவோ ஆயிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். காது சிவக்க, திரையை முறைத்துக்கொண்டு, ஒருத்தியாக நின்றாள் அந்தப் பெண்.

இந்த இடத்தில் எபனேசர் தப்பித்திருக்கலாம். மாஸ்க் இருந்தது, தொப்பி இருந்தது, பன்னிரண்டரைக்கு பஸ் இருந்தது. நாளைக்கு வகுப்பில் புது சிலபஸ் வந்துவிட்டது என்று சொன்னால் நாற்பது பேரும் நம்புவார்கள். நம்புவார்கள் என்பதுதான் அவரைக் கொன்றது. இருபத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் ஒரு பிள்ளை தமக்காக இப்படிச் சண்டை போட்டு அவர் பார்த்ததில்லை, அதுவும் தம்முடைய தப்புக்காக. எழுந்தார். கவசத்தைக் கழற்றினார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கும்மா. தப்பு என்னுது."

ரெனிட்டா திரும்பினாள். அடுத்த கணம், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பழக்கம் அவளைத் தூக்கி நிறுத்த, "குட் மார்னிங் சார்" என்றாள். ஏன் என்று தெரியாமலே மற்ற ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். வஹீதாவும் பாதி எழுந்துவிட்டார்.

இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய் என்று மட்டும் எபனேசர் கேட்டார். அவள் தலைகுனிந்தாள். "வேலூர்லயே சேந்திருப்பேன் சார். உங்க காதுக்கு வந்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

ஒருவருக்கொருவர் தெரியக்கூடாதென்று இருவரும் ஐம்பது கிலோமீட்டர் வந்து ஒரே மாடியில் ஏறியிருக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருந்தது எபனேசருக்கு. வெட்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சந்தோஷமும் இருந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுக்க, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று திரையில் நின்ற படையை எண்ணிப் பார்த்துவிட்டு, பத்து எங்கே என்று குருவும் சிஷ்யையும் ஒரே குரலில் கேட்க, நிரலில் கொடுத்த கடைசி எண்ணுக்கு முன்னாலேயே எண்ணிக்கை நின்றுவிடும் என்று வஹீதா இருவருக்கும் சேர்த்தே விளக்கினார். மாலைவரை இருந்து படித்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியட். நெஞ்சு முரசென அதிர, கொலைக்களம் ஏறும் மன்னனெனக் கரும்பலகை மேடையேறினார் எபனேசர். தம் சொல்லே வேதமென்று நம்பியிருக்கும் எண்பது கண்கள் முன்னால், தம் சிவப்புப் பேனா பொய்த்தது என்றும், புத்தகத்தில் இருந்தது அச்சுப்பிழை அல்ல, தாம்தான் பிழை என்றும், எல்லா வால்களையும் எடுத்துவிட்டு இரண்டு புள்ளிகள் மட்டும் வைக்க வேண்டும் என்றும் முழங்கினார். இருபத்திரண்டு ஆண்டுப் புகழ் இதோ சரிகிறது, சரிந்துகொண்டே இருக்கிறது என்று அவர் கண்ணை மூடி நிற்கையில், மூன்றாம் பெஞ்சிலிருந்து நந்தினி எழுந்தாள்.

"சார், பேனாவுல திருத்தணுமா, பென்சில்லயா?"

பேனாவிலேயே திருத்துங்கள் என்று சொல்லிவிட்டு எபனேசர் அட்டெண்டன்ஸ் எடுத்தார்.