வெள்ளத்துக்கு ஏற்ற வினைச்சொல்

வினைச்சொல்லின் மாண்பை உலகிலேயே முழுமையாக உணர்ந்தவர்கள், மலேசியாவின் ஜொகூரில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தார்தான். மற்றவர்கள் வெள்ளம் வந்தால் படகைத் தேடுவார்கள். இவர்கள் ‘அவசரக் கூட்டம்’ போட்டு வினைச்சொல்லைத் தேடினார்கள்.

பியாட்ரிஸுக்கு அங்கே ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் வேலை. அன்று காலை கோத்தா திங்கியில் அவளுடைய அம்மாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அவளோ ஜொகூர் பாரு அலுவலகத்தின் எட்டாவது மாடியில் உட்கார்ந்திருந்தாள். மாட்ரிட் வாடிக்கையாளர்கள் மனமுருகும்படி ஓர் ‘அனுதாப அறிக்கை’ வேண்டும் என்றார் இயக்குநர் காசிவிஸ்வநாதன்.

“பாஸ், அம்மா தனியா இருக்காங்க. நம்ம மீன் பண்ணை லோரி அங்கதானே நிக்குது? அனுப்புனா தூக்கிட்டு வந்துருவாங்க.”

“அதேதான் மா! தூக்கணும். ஸ்பானிஷ்ல என்ன?”

“லெவந்தார்.”

“கையால தூக்குறது மட்டுந்தானா?”

“மனச தூக்கி நிறுத்துறதுக்கும் அதையே சொல்லலாம்.”

“அலமாக், பிரமாதம்! நாம மனச தூக்குவோம். ஆள தூக்குனா இன்சூரன்ஸ் பிரச்சன லா.”

கூட்டம் கைதட்டியது. விளம்பரப் பிரிவு விசாலி எழுந்தாள்.

“இங்லீஷ்ல ‘ஸ்டேண்ட்’ போடலாம் பாஸ். மக்களோட நிக்கிறோம்.”

“எங்க நிக்கணும்?”

“எங்கயும் நிக்க வேணாம். உக்காந்துக்கிட்டே சொல்லலாம்.”

ஆங்கிலத்தின் இந்தப் பெருந்தன்மை ஏகமனதாகப் பாராட்டப்பட்டது. ஸ்பானியமும் சளைக்கவில்லை. ‘அகொம்பாஞார்’ என்றால் கூடவே போவது. ஆனால் துக்கம் விசாரிக்கிறவர்கள் நாற்காலியை விட்டு அசையாமலே, உணர்வில் கூட வருவதாகச் சொல்லிக்கொள்ளலாம். இதற்காகவா இந்த மொழியைப் படித்தோம் என்று பியாட்ரிஸுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கைப்பேசி அடித்தது. அம்மா!

“பக்கத்து வீட்டு ஹலீம் படகுல ஏத்திட்டு வந்துட்டாரு மா. பள்ளிக்கூடத்துல இருக்கேன். உங்க கம்பெனி லோரிய வழியில பாத்தேன். கை காட்டுனேன், நிக்கல. பின்னால பூரா மீன் தொட்டி.”

அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தாள்.

“லோரி போயிருச்சா பாஸ்?”

“காலையிலேயே! வெள்ளத்துல மீனுக்கு ஏதும் ஆயிடக்கூடாதுல்ல?”

பியாட்ரிஸ் கணினிப் பக்கம் திரும்பி ஸ்பானிய மொழியில் மளமளவென்று தட்டினாள். மாட்ரிட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தமிழில் படித்துக் காட்டினாள்.

“‘நீந்தத் தெரிந்த மீன்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நீந்தத் தெரியாத மக்களைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போனோம்.’”

இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார்.

“உருவகமா ஒண்ணுமே இல்லையே மா?”

“இல்ல பாஸ். நீங்க செஞ்சத அப்படியே எழுதியிருக்கேன்.”