மார்ட்டினியில் ஒரு பாலைப்பழம்

இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு எத்தனை மணிக்குத் தொண்டை வறளும் என்பதை, அந்தக் குடும்பத்தைவிடத் திருத்தமாக அறிந்தவர் ஒருவர் வவுனியாவில் இருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரின் விருந்தினர் பங்களாவில், கப்பல் வேலையை விட்டு வந்து வெயிற்றராக இருந்த அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘அரண்மனை’.

வெறும் சோடா கேட்டு வந்த லொறிக்காரரையும் அவர் விடமாட்டார்.

“ராசகுடும்பத்தில மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் ஜின்தான், கண்டியளோ. மார்ட்டினியைக் குலுக்கப்படாது. ஜின்னுக்கு நோகுமெல்லோ! கரண்டியால மெல்லமாக் கலக்கவேணும்.”

புளுகன் என்று ஊர் சிரித்தது. நான் நம்பினேன். அவர் வேலை நிரந்தரமாகட்டும் என்று கொழும்புக்கு நற்சான்றுக் கடிதமும் எழுதினேன். நானே அப்போது தற்காலிகக் கிளாக்கர்தான். இளரத்தம் சும்மா இருக்குமா? ‘கப்பலில் அரச குடும்பத்துக்கே மது பரிமாறியவர்’ என்று ஆங்கிலத்தில் விளாசிவிட்டேன்.

வந்தது வினை. கடிதத்தைப் படித்த கொழும்புப் பெரிய ஐயா, அந்த மார்ட்டினியைக் குடித்துப் பார்க்க நேரிலேயே புறப்பட்டுவிட்டார். என்னை நிரந்தரமாக்கக் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவர்தான். குசினி அடுப்படியில் நின்ற அரண்மனையிடம் ஓடினேன்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ராசகுடும்பத்துக்கு ஊத்திக் குடுத்தனீங்களோ?”

“நான் எப்ப தம்பி அப்பிடிச் சொன்னனான்? ராசகுடும்பம் போன கப்பலில கிளாஸ் கழுவினனான். ஆர் என்ன குடிச்சதெண்டு கழுவுறவனுக்குத்தானே தெரியும்!”

பெரிய ஐயா வந்து இறங்கிய அன்று, ரயிலில் மரத்தூளுக்குள் வந்த ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. கிளாசுக்குள் போட ஒலிவ் காய்க்கு எங்கே போவது? அரண்மனை அசரவில்லை. காட்டுப் பாலைப்பழம் ஒன்றை உள்ளே போட்டார்.

பெரிய ஐயா உறிஞ்சினார். பழத்தையும் கடித்தார். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அதன் பால் உதட்டைப் பிடித்துக்கொள்ளும். ஐயா ஏதோ சொல்லப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஒருவழியாக உதடு பிரிந்ததும் என்னைத்தான் கேட்டார்: “இந்தக் கடிதத்தில இருக்கிறது உண்மையோ?”

நான் அரண்மனையைப் பார்த்தேன். அரண்மனை முன்னால் வந்தார்.

“அவரைக் கேக்காதேங்கோ ஐயா. நான்தான் பொய் சொல்லி எழுதுவிச்சனான். நான் வெறும் கிளாஸ் கழுவினவன்.”

பெரிய ஐயா இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அரண்மனை கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தார்.

ஊரே புளுகன் என்ற அந்த மனிதர், நான் அறியச் சொன்ன ஒரே பொய், என்னிடம் பொய் சொல்லி எழுதுவித்ததாகச் சொன்னதுதான்.