மருந்துக்கடைக்கு எப்படி ஆசி சொல்வது?

அன்பும் மரியாதையும் நிறைந்த சைராகான் அக்காவுக்கு,

நம் ஊர் கோச்கோரிலிருந்து உன் தம்பி டோலோகோன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. நான், என் மனைவி கலிபா, பதினாறு ஆடுகள், குதிரை எல்லோரும் இங்கே நலம். உன் நலத்தையும் அத்தானின் நலத்தையும் உன் ஆடுமாடுகளின் நலத்தையும் கேட்பதுதான் முறை. பிஷ்கெக் நகரத்தில் ஏழாவது மாடியில் உனக்கு ஒரு பூனைதான் இருக்கிறது என்று தெரியும். அதுவும் நலம்தானே?

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாய், பக்கத்தில் என் மகள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் டாக்ஸி ஓட்டும் எமில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவள் கண்ணில் படாமல் எங்கேயாவது வை.

விஷயம் இதுதான். புருலாய் ஐந்து வருஷம் உன் வீட்டில் தங்கி மருந்தியல் படித்து முடித்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை மாத்திரை தயாரிக்கிற ஏதோ ஒரு கம்பெனியில் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாளாம். போட விடாதே அக்கா. எப்படியாவது பேசி அவளை ஊருக்கு அனுப்பிவிடு. இங்கே அவளுக்காக ஒரு மருந்துக்கடையே தயாராக இருக்கிறது. அவளுக்குத்தான் அது தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், அவள் முதல் வருஷ லீவுக்கு வந்தபோதே ஆரம்பித்துவிட்டது. தெருவில் பாதிப் பேர் பிளாஸ்டிக் பையில் மாத்திரைகளை அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "நான் டாக்டர் இல்ல, அத்தை, இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று இவள் சொல்லச் சொல்ல, "பரவாயில்ல கண்ணு, படிச்ச வரைக்கும் சொல்லு" என்றார்கள். இவள் பையைப் பிரித்து ஒவ்வொன்றிலும் தேதி பார்த்தாள், பாதியைக் குப்பையில் போட்டாள். கடைசியில் என் அலமாரிக்கே வந்துவிட்டாள். முதுகு வலிக்காக நான் பத்திரமாக வைத்திருந்த மாத்திரையை எடுத்து, "இது யாரு எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அனார்கான் கொடுத்தாள், அவளுக்கும் முதுகு வலி என்றேன். "அப்பா, இது அவங்களுக்குக் கர்ப்பப்பைக்குக் கொடுத்தது" என்றாள். நான் இரண்டு மாதம் சாப்பிட்டிருந்தேன் அக்கா. வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த ஊருக்கு இவள் இல்லாமல் ஆகாது.

அதனால் இந்த வசந்தத்தில் காரை வெளியே மழையில் நிறுத்திவிட்டு கராஜைக் காலி செய்தேன். சுண்ணாம்பு அடித்தேன், அலமாரி அடித்தேன், 'புருலாய் மருந்தகம்' என்று பச்சை எழுத்தில் பலகை எழுதி வைத்தேன். வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்தேன். தையல்காரி அளவு கேட்டாள், மகள் ஊரில் இல்லையே, நானே நின்று அளவு கொடுத்தேன். உயரம் ஒன்றுதான், வயிற்றைப் பிடித்துத் தைத்துவிடு என்றேன். எல்லாம் முடிந்து அவளுக்குச் சொல்லலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், போன வாரம் அவளே போன் பண்ணி இந்த வேலையைப் பற்றிச் சொன்னாள்.

மருந்து படித்தவள் கடைதானே வைக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கடை வைக்கிறது மட்டும்தானாப்பா வேலை?" என்றாள். "ஆஸ்பத்திரியிலயே மருந்தாளுநர் இருக்காங்க, குழந்தைக்கு எத்தனை சொட்டுன்னு கணக்குப் போட்டுக் கொடுக்கிறவங்க. மருந்துக்கு அனுமதி கொடுக்கிற ஆபீஸ் இருக்கு. புது மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி இருக்கு. ஒரு மாத்திரையைச் சாப்பிட்டு யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சு எழுதுற வேலைகூட இருக்கு."

"அதை நம்ம தெருவுல எல்லாரும் சும்மாவே பண்றாங்களே" என்றேன்.

"நான் போறது தரம் பாக்கிற லேப்."

"அங்க உன்னைப் பாக்க யாரு வருவாங்க?"

"யாரும் வர மாட்டாங்கப்பா."

"பேர்ப்பலகை?"

"கதவுல நம்பர் இருக்கும்."

நீயே சொல் அக்கா. ஐந்து வருஷம் கண் எரியப் படித்தவள், யாருக்கும் தெரியாமல் ஒரு நம்பருக்குப் பின்னால் உட்காரப் போகிறாளா? கராஜைப் பற்றி வாயே திறக்கவில்லை. மனசுக்குள் ஒரு திட்டம் போட்டேன். பெரியவர்களைக் கூப்பிட்டு, ஆடு அடித்து, கடைக்குக் கையேந்தி ஆசி வாங்கிவிட்டால் முடிந்தது. பெரியவர் ஆசி சொல்லி, எல்லோரும் 'ஓமின்' என்று ஏந்திய கையால் முகத்தைத் துடைத்துவிட்டால் அதற்குப் பிறகு மறுபேச்சு ஏது? அவளே ஆனாலும் மீற மாட்டாள். கலிபா மட்டும், "இது ஏமாத்து வேலைங்க" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்றுதான் விருந்து. நாற்பது பேர். பக்கத்து ஊர் கும்-டோபேயிலிருந்து கலிபாவின் அண்ணன் வீட்டாரும் வந்தார்கள். கறியைக் கொண்டுவந்து வைத்தோம், ஆட்டுத் தலையை மரியாதைக்குப் பெய்ஷென் பெரியவர் முன்னால் வைத்தோம். அவருக்கு எண்பத்தொரு வயது, இந்த ஊரில் கல்யாணத்திலிருந்து டிராக்டர் வரைக்கும் அவர் ஆசி இல்லாமல் எதுவும் நகர்ந்ததில்லை. கையை ஏந்தினார். நாங்கள் நாற்பது பேரும் ஏந்தினோம். "இந்தக் கடையில ஜனம் ஓயாம வரட்டும், வாசல்ல கூட்டம் குறையாம இருக்கட்டும்" என்று ஆரம்பித்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"வர்றது யாரு, நோயாளிங்கதானே?" என்று அவர் பக்கத்தில் இருந்த ஜூமாபய் கேட்டார். "ஊரே படுத்துக்கட்டும்னு சொல்றீங்களா?"

பெய்ஷென் யோசித்தார். "சரி, ஒருத்தரும் இந்த வாசலை மிதிக்காம இருக்கட்டும்."

"அப்போ கடை?" என்றேன் நான்.

நாற்பது பேரும் ஏந்திய கையை இறக்கவும் முடியாமல், துடைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஆசி முடியாமல் கையை எடுத்தால் நல்லதில்லை. அந்த நேரம் பார்த்து பின்வரிசையில் ஒருவர் இருமினார். எல்லோரும் திரும்பி, கடைக்கு வந்த முதல் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பாவம், எலும்பு தொண்டையில் சிக்கிவிட்டது, அவ்வளவுதான். ஆசி முடிவதற்கு முன்னால் ஏன் கறியில் கை வைத்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கறி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்துவிட்டது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அப்போது ஜூமாபய்க்கு ஒரு யோசனை வந்தது. "நம்ம ஊர் ஜனம் சுகமா இருக்கட்டும், பக்கத்து ஊர்க்காரங்க நிறைய வரட்டும்னு சொல்லிடுங்களேன்" என்றார்.

கும்-டோபேக்காரர்கள் எழுந்துவிட்டார்கள் அக்கா. என் மச்சான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு வியாதி வரணும்னு ஆடு அடிச்சுக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கலிபா குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினாள். கடைசியில் பெய்ஷென் பெரியவர், "எல்லாரும் நல்லா இருக்கட்டும், ஓமின். கடைக்கு நான் வீட்டுல போய் யோசிச்சுட்டு வர்றேன்" என்று ஆட்டுத் தலையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கலிபா இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆடுகளோடுதான் பேசுகிறாள், அதுவும் என்னைப் பற்றித்தான்.

இப்போது என் கதி உனக்குத் தெரிந்துவிட்டது. ஆசியும் விழவில்லை, திங்கட்கிழமையும் நெருங்கிவிட்டது. உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. உன்னிடம் மறைப்பதற்கென்ன, ஊருக்கு மருந்து என்று நான் சொல்வதெல்லாம் பாதிதான். ஐந்து வருஷமாக இந்த வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் காலையில் முற்றத்தைக் கடந்து போய் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்வதை ஜன்னலிலிருந்து நான் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். நீ சொன்னால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் அடுப்பு அணையாமலும், வாசலுக்கு நல்ல விருந்தாளிகள் குறையாமலும் இருக்கட்டும். பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
டோலோகோன்

பி.கு: அக்கா, எமில் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், வேகமாக எழுதுகிறேன். உறையை ஒட்டப் போகும்போது பெய்ஷென் பெரியவர் வந்துவிட்டார். ராத்திரி தூங்கவே இல்லையாம். "அந்தப் படிப்புக்கு வேற வேலையே கிடையாதா? ஆசி சொல்ற மாதிரி ஏதாவது?" என்று கேட்டார். நான் தேநீர் ஊற்றிப் பேச்சை மாற்றுவதற்குள் கலிபா, மாத்திரைக் கம்பெனி லேபில் வேலை கிடைத்திருக்கிறது, அவளையே கேளுங்கள் என்று புருலாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"அங்க என்னம்மா பண்ணுவ?" என்றார்.

"ஒவ்வொரு தடவை மருந்து செய்யும்போதும் கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பாப்பேன், தாத்தா. எழுதியிருக்கிற அளவுதான் உள்ள இருக்கா, வேற ஏதாவது கலந்திருக்கான்னு. நான் கையெழுத்துப் போட்டாதான் வெளியே போகும்."

"தப்பா இருந்தா?"

"ஒரு மாத்திரைகூடப் போகாது. எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க."

"முதலாளி திட்டினா?"

"திட்டட்டும், தாத்தா."

பெரியவர் போனைக் கலிபாவிடம் நீட்டிவிட்டு அந்த இடத்திலேயே கையை ஏந்தினார். "உன் கையைத் தாண்டிக் கெட்டது எதுவும் வெளிய போகாம இருக்கட்டும். நீ விட்ட மருந்தைச் சாப்பிட்டவங்க எழுந்து நடக்கட்டும்" என்றார். ஒரு தடங்கல் இல்லை, தண்ணீர் மாதிரி வந்தது. பழக்க தோஷம், என் கையும் ஏறிவிட்டது, பேனாவோடு. ஓமின் என்று முகத்தைத் துடைத்த பிறகுதான் எதற்குத் துடைத்தேன் என்றே உறைத்தது. கன்னமெல்லாம் மை. போனில் அவள் அழுகிற மாதிரி இருந்தது, கலிபாவும் அழுதாள். என்னைப் பற்றிக் கேட்காதே.

ஆசி விழுந்துவிட்டது, இனி மறுபேச்சு இல்லை. அதனால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. திங்கட்கிழமை நீயே அவளை எழுப்பி, வயிறு நிறையச் சாப்பிட வைத்து, நேரத்துக்கு அனுப்பு. கராஜில் காரை மறுபடி விடப்போகிறேன், பலகையைத் திருப்பி ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாகப் போடப்போகிறேன். கோட்டை எமிலிடம் கொடுத்திருக்கிறேன், லேபிலும் வெள்ளைக் கோட்டுதானாம். வயிற்றுப் பக்கம் நீ கொஞ்சம் பிடித்துத் தைத்துவிடு, தையல்காரி என் அளவையே விட்டுவிட்டாள். கோட்டுப் பையில் கலிபா முன்பே புருலாய் பெயரைப் பச்சை நூலில் தைத்திருக்கிறாள். கதவில் நம்பர்தானே, கோட்டிலாவது பெயர் இருக்கட்டும்.